உள்ளூரில் அட்டை, வெளியூருக்கு மூட்டை: அமெரிக்க உணவு உதவியின் இரு வரலாறுகள்

அமெரிக்க அரசின் உணவு உதவிக்கு இரண்டு பெரிய வாய்க்கால்கள் உண்டு. சொந்த நாட்டு ஏழைகளுக்கு ஸ்னாப். ஃபுட் ஸ்டாம்ப் என்ற பழைய பெயரில்தான் பலரும் இன்றும் அதைச் சொல்கிறார்கள். வெளிநாட்டு ஏழைகளுக்கு ஃபுட் ஃபார் பீஸ். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது பி.எல். 480. இரண்டுமே விற்காமல் தேங்கிய தானியத்திலிருந்து பிறந்தவை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வேளாண் மசோதாவில்தான் இரண்டும் புதுப்பிக்கப்படுகின்றன. ஆனால் முதலாவது அடியோடு மாறி, இன்று கடைக் கல்லாவில் தேய்க்கும் அட்டையாகிவிட்டது. இரண்டாவது பெருமளவு இன்னும் மூட்டையாகவே கப்பலேறுகிறது.

ஒரே அரசு, ஒரே மசோதா, இரண்டு விதமான கதை. உதவி பெறுபவருக்கு வாக்கும், அவருக்கு விற்பவருக்கு லாபமும் இருந்த இடத்தில் சீர்திருத்தம் நடந்தது என்பது என் முடிவு. வாக்கில்லாத இடத்தில், மூட்டையை விளைவித்தவர், ஏற்றியவர், இறக்கியவர் ஆகியோரின் வருமானமே திட்டத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது. இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. 2025-ல் நடந்தவை அதைக் கண்முன் நிறுத்தின. கடைசியில் அதற்கு வருகிறேன்.

உபரி தீர்ந்தால் உதவியும் தீர்ந்தது

1930-களின் பெருமந்தத்தில் அமெரிக்கப் பண்ணைகளில் விளைச்சல் விலைபோகவில்லை. நகரங்களில் வேலையிழந்தவர்கள் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றார்கள். 1939 மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டரில் தொடங்கிய முதல் ஃபுட் ஸ்டாம்ப் திட்டம் இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது. ஒரு டாலருக்கு ஆரஞ்சு நிறக் கூப்பன் வாங்கினால், 50 சென்ட் மதிப்புள்ள நீலக் கூப்பன் இலவசம். ஆரஞ்சுக் கூப்பனுக்கு விரும்பிய உணவுப் பொருளை வாங்கலாம். நீலத்துக்கு, உபரி என்று அரசு அறிவித்த பொருளை மட்டும். போர் வந்ததும் உபரி கரைந்தது, வேலையும் பெருகியது. 1943-ல் திட்டத்தை மூடிவிட்டார்கள். அப்போதும் நாட்டில் ஏழைகள் இருந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்க உபரிதான் இல்லை.

அடுத்த பதினெட்டு ஆண்டுகள் ஏழைகளுக்குக் கிடைத்தது நேரடிப் பொருள் விநியோகம். மாவு, பன்றிக் கொழுப்பு, பால் பவுடர் என்று கிடங்கில் எது தேங்கியதோ அதை வாங்கிக்கொண்டு போக வேண்டும். 1960-ல் தேர்தல் பிரச்சாரத்துக்காக மேற்கு வர்ஜீனியாவின் சுரங்க ஊர்களுக்குப் போன கென்னடி இந்த நிலையை நேரில் பார்த்தார். பதவியேற்ற மறுநாளே அவர் இட்ட முதல் ஆணை, இந்த விநியோகத்தைப் பெருக்குவது பற்றியது. கூடவே, கூப்பன் முறையைச் சில மாவட்டங்களில் சோதித்துப் பார்க்கவும் முடிவாயிற்று.

1961 மே 29 அன்று மேற்கு வர்ஜீனியாவின் வெல்ச் என்ற ஊரில், வேலையிழந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரின் குடும்பத்துக்கு 95 டாலர் கூப்பன்களை வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமன் நேரில் வந்து கொடுத்தார். வீட்டில் 15 பேர். அந்தத் தம்பதி ஊர் மளிகைக் கடைக்குப் போய் முதலில் எடுத்தது, பன்றி இறைச்சி சேர்த்த பீன்ஸ் டின் ஒன்று. கிடங்குக்காரர் அளந்து போட்டதை வாங்கிய குடும்பம், அலமாரியிலிருந்து தானே பார்த்து எடுத்தது. சாப்பிடுகிறவர் தேர்ந்தெடுக்கலாம், கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கும். கிடங்கும் லாரியும் அரசுக்குத் தேவைப்படாது. திட்டத்தின் மொத்த சூட்சுமமும் இதுதான்.

1964-ல் இது நிரந்தரச் சட்டமானது. செயிண்ட் லூயிஸ் நகரத்தின் நாடாளுமன்ற உறுப்பினர் லியோனார் சல்லிவன் இதற்காகப் பல ஆண்டுகள் மன்றாடியவர். ஆனால் சட்டம் நிறைவேறியது மன்றாட்டால் மட்டும் இல்லை. கிராமத்து உறுப்பினர்களுக்குக் கோதுமைக்கும் பருத்திக்கும் மானியம் வேண்டியிருந்தது. நகரத்து உறுப்பினர்களுக்குக் கூப்பன் வேண்டியிருந்தது. நீ எனக்குக் கைதூக்கு, நான் உனக்குக் கைதூக்குகிறேன் என்ற அந்த ஒப்பந்தம் அரை நூற்றாண்டு தாங்கியது.

என்றாலும் கூப்பன் இலவசம் இல்லை. குடும்பம் ஒரு தொகையைக் கட்டினால்தான் அதைவிடக் கூடுதல் மதிப்புள்ள கூப்பன் கைக்கு வரும். கையில் காசே இல்லாதவர் என்ன செய்வார்? மிகவும் ஏழையாக இருந்தவர்களைத்தான் இந்த விதி வெளியே நிறுத்தியது. ஜனநாயகக் கட்சியின் ஜார்ஜ் மெக்கவர்னும் குடியரசுக் கட்சியின் பாப் டோலும் செனட்டில் இதற்காகக் கைகோத்தார்கள். 1977-ன் சட்டம் பணம் கட்டும் விதியை நீக்கியது. 1979 ஜனவரியில் அது அமலுக்கு வந்தபோது, முந்தைய மாதத்தைவிட 15 லட்சம் பேர் கூடுதலாகத் திட்டத்துக்குள் வந்தார்கள். இந்த வரலாற்றில் ஒரே ஒரு மாற்றத்தைத்தான் எடுத்துக் காட்டலாம் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன். புதிய துறையோ புதிய கட்டடமோ தேவைப்படவில்லை. வாசலில் கிடந்த ஒரு தடையை எடுத்துப் போட்டார்கள்.

அடுத்தது அட்டை. 1984-ல் பென்சில்வேனியாவின் ரெடிங் ஊரில் சோதனையாகத் தொடங்கி, 1996-ன் சட்டத்தால் கட்டாயமாகி, 2004-க்குள் நாடு முழுவதும் காகிதக் கூப்பன் ஒழிந்தது. கூப்பனைப் பாதி விலைக்கு விற்றுப் பணமாக்கும் முறைகேட்டில் 1993-ல் டாலருக்குச் சுமார் 4 சென்ட் போனது. அட்டை வந்தபின் சுமார் 1 சென்ட்டாக இறங்கியது. வரிசையில் நிற்பவர் கையில் இருப்பது எந்த அட்டை என்று பின்னால் நிற்பவருக்குத் தெரியாது. காகிதக் கூப்பனை எண்ணிக் கொடுத்தபோது பட்ட கூச்சம் பாதியாவது குறைந்திருக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. அட்டைக்குச் சூடான உணவு வாங்க முடியாது. கடையில் வெந்து ஆவி பறக்கும் கோழிக்கு அனுமதி இல்லை. அதே கோழி ஆறிப்போய்க் குளிர்பெட்டிக்குள் போய்விட்டால் வாங்கலாம். வீட்டில் அடுப்பில்லாதவருக்கும், இரண்டு வேலை பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்குத் திரும்புகிறவருக்கும் இந்த விதி செய்யும் கொடுமையைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. இன்னொன்று, வங்கி அட்டைகளுக்கு எப்போதோ வந்துவிட்ட சிப், பெரும்பாலான மாநிலங்களில் இந்த அட்டைக்கு இன்னும் வரவில்லை. காந்தப் பட்டையை நகலெடுத்து மாதத் தொகை முழுவதையும் திருடுகிறார்கள். திருடுபோன தொகையை மத்திய அரசு ஈடுகட்டும் ஏற்பாடு 2024 டிசம்பரோடு காலாவதியாகிவிட்டது.

2018-ல் அமெரிக்க அரசே இந்தத் திட்டத்தைப் பின்னோக்கி இழுக்கப் பார்த்தது. மாதம் 90 டாலருக்கு மேல் பெறும் குடும்பங்களுக்கு ஏறத்தாழ பாதித் தொகைக்குப் பதிலாக, கெடாத பால், பாஸ்தா, கடலை வெண்ணெய், டின் காய்கறி அடைத்த பெட்டியைக் கொடுக்கலாம் என்றது பட்ஜெட் யோசனை. அத்தனை கோடிப் பெட்டிகளை யார் அடைப்பது, யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தை என்ன செய்யும் என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லை. பெரிய மளிகைக் கடை நிறுவனங்களும் எதிர்த்தன, பசிக்கெதிரான அமைப்புகளும் எதிர்த்தன, நாடாளுமன்றம் கண்டுகொள்ளவில்லை. உள்நாட்டில் மூட்டைக்குத் திரும்புவது அவ்வளவு எளிதல்ல என்று அன்று தெரிந்தது.

கடல் கடந்தவர்களுக்கு

1954 ஜூலையில் ஐசனோவர் கையெழுத்திட்ட பொதுச் சட்டம் 480, உபரி தானியத்தை வெளிநாடுகளுக்குத் தள்ள வழி செய்தது. ஒரு பகுதி சலுகை விலையில், அந்தந்த நாட்டுப் பணத்துக்கு. இன்னொரு பகுதி நன்கொடையாக. இந்தியா 1956-ல் முதல் ஒப்பந்தம் போட்டது.

நன்கொடைப் பகுதியைத் தமிழகத்தில் ஒரு தலைமுறை சாப்பிட்டே அறியும். காமராஜர் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்துக்கு 1961 முதல் 'கேர்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பால் பவுடரும் சோள மாவும் சமையல் எண்ணெயும் கொடுத்தது. இரண்டு கைகள் குலுக்கும் சின்னம் போட்ட எண்ணெய் டின்களையும் பள்ளிக்கூடத்து மஞ்சள் சோள உப்புமாவையும் இன்றும் நினைவாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த உப்புமாவால் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் உண்டு. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

விற்பனைப் பகுதியின் கதை கசப்பானது. 1965-லும் 1966-லும் மழை பொய்த்தது. 1966-ல் மட்டும் ஒரு கோடி டன்னை ஒட்டிய தானியம் இந்தியாவுக்குள் வந்தது. அமெரிக்கக் கோதுமை விளைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இங்கே இறங்கியது. ஜனாதிபதி ஜான்சன் நீண்ட கால ஒப்பந்தத்தை மறுத்து, கப்பல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக, தன் கையில் கயிறு வைத்து விடுவித்தார். வியட்நாம் போரைப் பற்றி இந்தியா பேசியது அவருக்குப் பிடிக்கவில்லை. அப்போது உணவு அமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சிக்காரரான சி. சுப்பிரமணியம். 1965 நவம்பரில் ரோம் நகரில், உரம், விதை, வேளாண் முதலீடு ஆகியவற்றில் இந்தியா என்னென்ன செய்யும் என்று அவர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். எதிரே உட்கார்ந்திருந்தவர் அதே ஆர்வில் ஃப்ரீமன். வெல்ச் ஊரில் ஒரு குடும்பத்தின் கையில் கூப்பனைக் கொடுத்து, போய் வேண்டியதை வாங்கிக்கொள் என்றவர், ரோமில் ஒரு நாட்டின் முன்னால் நிபந்தனைப் பட்டியலோடு உட்கார வேண்டியிருந்தது. ஃப்ரீமன் மீது எனக்குக் குறையில்லை. திட்டங்கள் இரண்டும் அப்படி வகுக்கப்பட்டிருந்தன. 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை வரவழைத்து சுப்பிரமணியம் தேடிய வழி, மூட்டையிலிருந்து விடுபடும் வழி. கோதுமைக்கு ஈடாகச் சேர்ந்து கிடந்த ரூபாய்க் கணக்கை முடிக்க, 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிஹன் 1,664 கோடி ரூபாய்க்குக் காசோலை எழுதிக் கொடுத்தார். நமக்கு அந்த அத்தியாயம் ஏறத்தாழ அத்தோடு முடிந்தது. ஆப்பிரிக்காவுக்கு முடியவில்லை.

மூட்டையின் செலவுக் கணக்கு

சட்டம் இரண்டு கட்டுப்பாடுகளைப் போட்டிருந்தது. தானியம் அமெரிக்காவில் வாங்கப்பட வேண்டும். அதில் குறைந்தது பாதி அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில் போக வேண்டும். 1985-ல் இதை 75 விழுக்காடாக ஏற்றி, 2012-ல் மீண்டும் 50 ஆக இறக்கினார்கள்.

விளைவை அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே எழுதி வைத்திருக்கிறது. முதன்மைத் திட்டத்தின் செலவில் சுமார் 65 விழுக்காடு உணவுக்குப் போகாமல் ஏற்றுகூலி போன்ற மற்ற செலவுகளில் கரைகிறது என்றது 2007-ன் அறிக்கை. 2009-ல் இன்னும் துல்லியமாக ஒப்பிட்டார்கள். பத்து ஆப்பிரிக்க நாடுகளுக்கு அமெரிக்காவிலிருந்து உணவு போய்ச் சேரச் சராசரியாக 147 நாள். அதே நாட்டில் வாங்கினால் 35 நாள், பக்கத்து நாட்டில் வாங்கினால் 41 நாள். சகாராவுக்குத் தெற்கே உள்ளூரில் வாங்கும்போது செலவு 34 விழுக்காடு குறைந்தது. 147 நாள் என்பது ஏறத்தாழ ஐந்து மாதம். கடுமையாக மெலிந்த குழந்தை அத்தனை மாதம் காத்திருக்காது. பல நேரங்களில் கப்பல் துறைமுகத்தைத் தொடும்போது அடுத்த அறுவடை சந்தைக்கு வந்திருக்கும். இலவச மூட்டை அந்த ஊர் விவசாயியின் விலையைக் கெடுக்கும்.

இதைவிட எனக்கு ஆற்றாமை தருவது, தானியத்தை விற்றுப் பணமாக்கும் வழக்கம். தொண்டு நிறுவனங்களுக்குக் கிணறு வெட்டவும் தாய்சேய் நலப் பணிக்கும் பணம் தேவை. அரசு பணமாகக் கொடுக்காமல் தானியமாகக் கொடுத்தது. அவர்கள் அதைக் கடல் கடத்தி, ஏழை நாட்டுச் சந்தையில் விற்று, வந்த காசில் வேலை செய்தார்கள். கோதுமை விலை, ஏற்றுகூலி எல்லாம் சேர்ந்த தொகை திரும்பவே வராது. இப்படி மூன்றே ஆண்டுகளில் 21.9 கோடி டாலர் கரைந்துபோனது என்று 2011-ல் தணிக்கை அமைப்பு கணக்குக் காட்டியது. இதற்கு முன்பே, 2007-ல், ஆண்டுக்குச் சுமார் 4.5 கோடி டாலர் மதிப்புள்ள இந்த ஏற்பாட்டிலிருந்து விலகப்போவதாக ஒரு நிறுவனம் அறிவித்தது. அது நம் பள்ளிக்கூடங்களுக்குச் சோள மாவு தந்த அதே கேர். உதவி செய்யப் போன இடத்து விவசாயியைத் தங்கள் விற்பனை பாதிக்கக்கூடும் என்று தெரிந்தபின் அந்தப் பணம் வேண்டாம் என்றார்கள். சொந்த வருமானத்தை விட்டுக்கொடுத்துச் செய்த சீர்திருத்தம் என்று இந்தக் கதை முழுவதிலும் நான் காட்டக்கூடியது இது ஒன்றுதான். தானியத்தை விற்க வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் நீங்க மேலும் 11 ஆண்டுகள் ஆயின.

புஷ் ஆட்சி 2005-ல், நிதியில் கால் பங்குவரை பணமாகவே கொடுத்து உள்ளூரில் வாங்கலாம் என்று கேட்டது, நாடாளுமன்றம் மறுத்தது. ஒபாமா ஆட்சி 2013-ல் இன்னும் பெரிய மாற்றத்தைக் கேட்டது. அதே செலவில் 20 முதல் 40 லட்சம் பேருக்குக் கூடுதலாக உதவலாம் என்றது. கப்பல் நிறுவனங்களும் மாலுமிச் சங்கங்களும், போர் வந்தால் இந்தக் கப்பல்களும் ஆட்களும் வேண்டுமே என்று வாதிட்டன. போர்த்தயார்நிலைக்குப் பாதிப்பு இல்லை என்று பாதுகாப்புத் துறையே சொல்லியும் எடுபடவில்லை. இரண்டு கட்சியினரும் சேர்ந்து கொண்டுவந்த திருத்தம், பிரதிநிதிகள் சபையில் 203-க்கு 220 என்று தோற்றது. அந்த 20 லட்சம் பேரில் ஒருவருக்குக்கூட அந்தச் சபையின் எந்தத் தொகுதியிலும் வாக்கு இல்லை.

முன்வாசல் திறக்காததால் சீர்திருத்தம் பக்கவாட்டு வழியே போயிற்று. 2010 முதல், பேரிடர் நிதி என்ற வேறொரு கணக்கிலிருந்து ரொக்கமும் கூப்பனும் உள்ளூர் கொள்முதலும் செய்யத் தொடங்கினார்கள். அந்தக் கணக்கில் கப்பல் கட்டுப்பாடு இல்லை. சில ஆண்டுகளில் அது பழைய திட்டத்துக்கு நிகராக வளர்ந்தது.

பணம்தான் மருந்தா?

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மூட்டை கெட்டது, பணம் நல்லது என்று இந்த ஆய்வை யாரும் சுருக்கிவிடக் கூடாது. கடையே இல்லாத முற்றுகை நகரத்தில் பணத்தை வைத்து என்ன வாங்குவது? எலும்பும் தோலுமான குழந்தைக்குத் தரும் கடலைப் பசைப் பொட்டலம் பல ஊர்களில் கடையில் கிடைக்காது. அதைப் பொருளாகத்தான் அனுப்ப வேண்டும்.

புதுச்சேரியைப் பாருங்கள். 2015-ல் அங்கே ரேஷன் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் சோதனை தொடங்கியது. நாளடைவில் ரேஷன் கடைகள் மூடிக்கிடந்தன. மக்கள் கேட்டது பணத்தை அல்ல, அரிசியை. 2024-ல் கடைகளைத் திரும்பத் திறந்தார்கள். வெளிச்சந்தை அரிசி விலை ஏறும்போது கணக்கில் விழும் தொகை ஏறாது என்பது, அடுப்பங்கரையில் நிற்கும் பெண்ணுக்குப் பொருளாதார நிபுணருக்கு முன்பே தெரியும். வெல்ச் ஊர்க்காரருக்குக் கூப்பன் பொருந்தியது, புதுச்சேரிக்காரருக்கு அரிசி பொருந்துகிறது. எது வேண்டும் என்று பெறுகிறவரைக் கேட்டார்களா என்பதுதான் இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டியது.

2025

ஜனவரி 20 அன்று அமெரிக்க வெளிநாட்டு உதவி நிறுத்திவைக்கப்பட்டது. 48.9 கோடி டாலர் மதிப்புள்ள உணவு துறைமுகங்களிலும் வழியிலும் கிடங்குகளிலும் கெட்டுப்போகும் நிலையில் இருப்பதாக, அந்த உதவியை நடத்திவந்த அரசு அமைப்பான யுஎஸ்எய்டின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் பிப்ரவரி 10 அன்று எச்சரித்தது. மறுநாளே அந்தத் தலைமைக் கண்காணிப்பாளர் பதவி நீக்கப்பட்டார். ஜூலை 1 அன்று யுஎஸ்எய்டு மூடப்பட்டது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் குழந்தைகளுக்காக வாங்கித் துபாயில் வைத்திருந்த சுமார் 500 டன் சத்து பிஸ்கட், முடிவெடுக்க ஆளில்லாமல் காலாவதியாகி அழிப்புக்குப் போனது. இதைச் சீர்திருத்தம் என்று சிலர் சொல்லிக்கொண்டார்கள். பசித்த குழந்தைக்கு என்று செய்த பிஸ்கட்டை எரிக்கச் செலவு செய்வதற்கு அந்தப் பெயரைச் சூட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் முதலில் சொன்ன சிக்கல் இங்கேதான் வருகிறது. யுஎஸ்எய்டு சரிந்தபோது ஃபுட் ஃபார் பீஸ் திட்டத்தைக் காப்பாற்ற ஓடிவந்தவர்கள் கான்சஸ் போன்ற பண்ணை மாநிலங்களின் உறுப்பினர்கள். அதை வேளாண் துறையிடம் ஒப்படைக்கும் மசோதா பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. ரொக்கமும் உள்ளூர் கொள்முதலுமாக நடந்த, மலிவான, வேகமான பகுதிக்காக அப்படி ஓடிவர எந்தத் தொகுதியிலும் ஆள் இல்லை. வீணடித்த அதே கட்டுப்பாடுகள்தான் திட்டத்துக்குப் பாதுகாவலர்களையும் சேர்த்து வைத்திருந்தன. பக்கவாட்டு வழியில் போன சீர்திருத்தவாதிகள், வழியில் தங்களுக்கென்று ஆதரவாளர்களைத் திரட்டிக்கொள்ளவில்லை.

உள்நாட்டிலும் பழைய ஒப்பந்தம் அறுந்தது. ஜூலை 4 அன்று கையெழுத்தான பட்ஜெட் சட்டம், பத்தாண்டுகளில் ஸ்னாப் செலவைச் சுமார் 18,600 கோடி டாலர் குறைக்கிறது. வேலை பார்த்தால்தான் உதவி என்ற நிபந்தனையை 64 வயதுவரை நீட்டுகிறது. உதவித் தொகையைக் கணக்கிடுவதில் பிழை அதிகமுள்ள மாநிலங்கள் 2028 நிதியாண்டு முதல் உதவித் தொகையில் ஒரு பங்கைத் தாங்களே கட்ட வேண்டும். அதே சட்டம் விவசாயிகளுக்கான விலை ஆதரவை உயர்த்தியது. 1964-ல் கோதுமையும் கூப்பனும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. 2025-ல் கூப்பனை வெட்டிக்கொண்டே கோதுமைக்குக் கொடுக்க முடிந்தது. நவம்பர் தொடக்கத்தில் அரசு முடக்கத்தால் மாதத் தொகையே தடைப்பட்டது. சுமார் 4.2 கோடிப் பேர் நம்பியிருக்கும், ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 டாலர் தரும் திட்டம் அது.

வெளிநாட்டுத் திட்டத்தில் செய்ய வேண்டியவை எழுபது ஆண்டு அனுபவத்தில் தெளிவாகவே இருக்கின்றன. கப்பல் ஒதுக்கீட்டை நீக்க வேண்டும். மாலுமிகளையும் கப்பல்களையும் போருக்காக வைத்திருப்பது அவசியம் என்றால் அதற்குரிய பணம் பாதுகாப்புத் துறையிலிருந்து வரட்டும். அமெரிக்கத் தானியமா, பக்கத்து நாட்டுத் தானியமா, ரொக்கமா என்பதைப் பஞ்சம் நடக்கும் ஊரின் சந்தை நிலவரத்தைப் பார்த்து அதிகாரிகள் முடிவு செய்யச் சட்டத்திலேயே இடம் தர வேண்டும். அமெரிக்க விவசாயிக்கும் இதில் பங்கு வேண்டும் என்றால், கடலைப் பசைப் பொட்டலம் போல வேறெங்கும் எளிதில் கிடைக்காத பொருள்களில் அந்தப் பங்கைக் கொடுக்கலாம். 2013-ல் ஒன்பது பேர் மாற்றிக் கைதூக்கியிருந்தால் இதில் ஒரு பகுதி அப்போதே நடந்திருக்கும். அடுத்த முறை அந்த ஒன்பது பேரைத் தேட வேண்டிய இடம், வேளாண் மசோதா பெரும்பாலும் உருவாகும் நாடாளுமன்ற வேளாண் குழு.